பாண்ட் கலைந்தது, குழு கலையவில்லை

எங்கள் பாண்ட் கலைந்துவிட்டது. அதன் நிர்வாகக் குழு கலையவில்லை. தலைவர் இருக்கிறார். உப தலைவர்கள் இருக்கிறார்கள். செயலாளர், காப்பாளர்கள், ஆலோசகர்கள் எல்லோரும் நல்ல சுகத்துடன் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்னறையில் கூடி, மட்டன் ரோல்ஸ் சாப்பிட்டு, இல்லாத பாண்டின் வளர்ச்சி பற்றிக் கதைத்துவிட்டு, கையில் எண்ணெய் துடைத்துக்கொண்டு கலைகிறார்கள். கலைவது அந்த அளவில்தான்.

கூடுகிறார்கள் என்று எழுதியது சரியில்லை. கூடுகிறோம். நானும் அதில் ஓர் ஆள். என் பதவி இணைப்பாளர். எதை எதோடு இணைக்கிறேன் என்று இன்றுவரை எவரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்டால் யோசிப்பார்கள், யோசித்தால் பதவி போய்விடும்.

இந்த வருடம் குழு ஒரு மலர் வெளியிடுகிறது. அதில் ‘போட்டி அணிகள் ஏன் கலைகின்றன’ என்று ஒரு கட்டுரை வேண்டுமாம். தலைப்பையும் அவர்களே தந்தார்கள்.

“தம்பி, ஒரு பக்கம் காணும், கூட வேண்டாம்,” என்றார் தலைவர். அவர் பார்க் எக்ஸ்டென்ஷனில் கார் ஓட்டப் பழக்குபவர். ஐம்பது தாண்டிய எனக்கு அவர்தான் இன்னும் தம்பி போடுகிறவர். “பொதுவா எழுதும். ஆரையும் நோகடிக்காமல்.”

பொதுவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. வந்தது இதுதான். இது மலரில் வராது.

எங்களுடையதைப் பாண்ட் என்று நாங்கள் சொன்னாலும், சரியாகச் சொன்னால் அது முரசும், பியூகிள் என்ற பித்தளை ஊதுகுழலும் மட்டும் கொண்ட அணி. கிளாரினெட், புல்லாங்குழல் எதுவும் கிடையாது. மைதானத்தில் நடந்து, வரிசைகளால் கோலம் போட்டுக் கலைந்து, திரும்பக் கூடி, நடந்தபடியே வாசிக்க வேண்டும். அதற்கென்று போட்டிகள் உண்டு. கியூபெக்கில் ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் இப்படி அணிகள் இருந்தனவாம்.

இதை எங்களுக்குச் சொன்னவர் எங்கள் பயிற்றுநர். அறுபது தாண்டிய கியூபெக்காரர். இளம் வயதிலிருந்து பியூகிள் ஊதியவர். அவர் ஊதிய அணிகள் ஒவ்வொன்றும் அவர் கண்ணுக்கு முன்னாலேயே செத்தன. செத்தவற்றின் தொப்பிகளைக் காரின் பின்பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார். பயிற்சி முடிந்தால் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு தொப்பியாகத் தூக்கிக் காட்டி, சாவுக்குக் காரணம் சொல்வார். இந்த அணி, பஸ் பிடித்து ஊர் ஊராகப் போக வசதியில்லாமல் போனது. இது பழகிய தேவாலய மண்டபத்தை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். இது பக்கத்து ஊர் அணியோடு சேர்ந்தது. சேர்ந்த பிறகு எந்த ஊரின் பெயரை வைப்பது என்று சண்டை வந்து இரண்டும் போயின. இது இளையோர் அணி. வயதெல்லை தாண்டியவர்கள் போனார்கள், அவர்களுடைய இடத்துக்கு ஒருவரும் வரவில்லை. இந்த இறகு வைத்த தொப்பி, புதுவகைப் பியூகிளுக்கு மாறும்படி போட்டிக்காரர்கள் சொன்னபோது பழையதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு செத்த அணியுடையது.

எல்லாம் மரியாதையான சாவுகள். எங்களுடையதை அந்த வரிசையில் வைக்க எனக்கே கூச்சமாக இருக்கிறது.

தொடக்கம் இப்படி. ஒரு ஜூன் மாதம் நகரத்து ஊர்வலம் ஒன்றைப் பார்க்க நாங்கள் சிலர் போயிருந்தோம். அதில் ஓர் அணி வந்தது. வெள்ளைக் கையுறை, பளபளக்கும் பியூகிள், ஒரே சீரான கால். தலைவர் சோளப்பொத்தி கடித்துக்கொண்டு பார்த்தார்.

“உதென்ன பெரிய விசயமே?” என்றார். “எங்கட பள்ளிக்கூடங்களிலை பாண்ட் இருக்கேல்லையே? நாங்களும் ஒண்டு தொடங்குவம்.”

அன்று பின்னேரமே நிர்வாகக் குழு தெரிவாகிவிட்டது. வாத்தியங்கள் வர மாதக்கணக்காகியது. வாசிக்க ஆட்கள் வர அதைவிடக் கூட. குழுவில் கதிரை போதாமல் சிலர் நின்றுகொண்டு ஆலோசனை சொன்ன நாட்களில், பாண்டில் இருந்தது ஒரு பெரிய முரசு மட்டும்தான். அதையும் அடிக்க ஆளில்லை.

வயதெல்லை இல்லாத பிரிவு என்பதால் என்னையும் சேர்த்தார்கள். சென்ட் லோரன்டில் நான் வேலை செய்யும் களஞ்சியத்தின் கார் தரிப்பிடத்தில் ஞாயிறு காலைகளில் பயிற்சி. என்னிடம் முதலில் பியூகிளைத் தந்தார்கள். வந்த சத்தத்தைக் கேட்டு, எந்த லொறி எதில் இடித்தது என்று பார்க்கக் காவலாளி வெளியே வந்தார். பிறகு பக்க முரசு. என் வலது கையும் இடது கையும் வேறு வேறு கட்சி என்று அப்போதுதான் தெரிந்தது. கடைசியில் சிம்பல். இரண்டு பித்தளைத் தட்டுகள். அங்கொன்று இங்கொன்றாக அடித்தால் போதும், மிச்ச நேரம் தட்டுகளை நெஞ்சுக்கு நேரே பிடித்துக் கம்பீரமாக நிற்க வேண்டும். தட்டுகள் நெஞ்சுக்கு நேரே நின்றன. கம்பீரத்துக்கு நான் வயிற்றை உள்ளே இழுக்க வேண்டியிருந்தது. இழுத்தால் மூச்சு விட முடியவில்லை.

அணியில் உண்மையாக வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். அது என் மனைவி. மருந்துத் தொழிற்சாலை ஒன்றில் குப்பிகள் பெட்டியிடும் வேலை. பள்ளிக்கூட பாண்டில் பியூகிள் ஊதியவள். இத்தனை வருடம் என்னோடு குடும்பம் நடத்தியும் அவளுடைய மூச்சு கெடவில்லை என்பது பயிற்றுநர் ஊதச் சொன்ன அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவர் அப்படியே நின்றுவிட்டார். அடுத்த வாரமே எங்கள் வாசிப்பின் நடுவில் அவளுக்கென்று ஒரு தனிப் பகுதி வைத்தார்.

அது வரும்போது முரசுகள் ஓய்ந்துவிடும். என்னைத் தவிர எல்லோரும் ஒரு முழங்காலில் குந்துவார்கள். அவள் மட்டும் வரிசையை விட்டு நடுவுக்கு நடந்து வந்து ஊதுவாள். அரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. கடைசியில் மேலே ஏறி, அங்கேயே நீண்டு நின்று, மெலிந்து முடியும் ஒரு சுரம். அது முற்றாக முடிந்த பிறகு நான் சிம்பலை அடிக்க வேண்டும். அந்த அடியைக் கேட்டு அணி முழுவதும் எழும்பிப் பாயும். அவள் முடிக்கும்வரை வாய் திறக்காமல் காத்திருந்து பழகியவன் என்பதால் அந்தப் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது என்று அணிக்குள் ஒரு கதை. மறுப்பதற்கில்லை.

வீட்டில் அவள் பழக முடியவில்லை. நாங்கள் மூன்றாம் மாடி. கீழ்வீட்டுக் கிரேக்கத்து மனுசி சத்தம் தாங்காமல் தும்புத்தடித் துடைப்பத்தால் தன் கூரையில் குத்துவார். அதனால் தெருவில் நிற்கும் எங்கள் காருக்குள் இருந்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஊதுவாள். நான் பக்கத்து இருக்கையில் இருந்து, இல்லாத சிம்பலை உள்ளங்கைகளால் தட்டுவேன். தெருவில் போகிறவர்கள் குனிந்து பார்த்துவிட்டு, எங்கள் குடும்ப நிலையை நினைத்துக் கவலைப்பட்டபடி போவார்கள்.

பழகுவது சரி. கேட்பது யார்?

எங்கள் ஆட்களுக்கு பாண்ட் என்றால் ஒரே வேலைதான். பிரதம விருந்தினரை வாசலிலிருந்து மேடைக்குக் கூட்டிக்கொண்டு வருவது. ஊரில் பள்ளிக்கூடத்து விளையாட்டுப் போட்டியில் பார்த்ததை மொன்றியலுக்கும் சாமானோடு சாமானாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். எங்கள் பாண்ட் தயாராகிவிட்டது என்று தெரிந்ததும் கலியாணம், பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு, நூல் வெளியீடு, நகைக்கடைத் திறப்பு விழா என்று அழைப்புகள் குவிந்தன. குழு ஒன்றையும் விடவில்லை. போட்டிக்கான நடையைப் பழக வேண்டிய ஞாயிறுகளில் நாங்கள் மாப்பிள்ளைகளுக்கு முன்னால் நடந்தோம்.

அங்கெல்லாம் மனைவியின் தனிப் பகுதிக்கு நடந்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். நானும் சிரித்தேன், அவள் இல்லாத இடத்தில். ஒரு கலியாணத்தில் அவள் ஏறத் தொடங்கிய நேரம் ஒலிபெருக்கி, “வெள்ளை நிற வான் ஒண்டு வாசலை மறைச்சுக்கொண்டு நிக்குது, உரிமையாளர் உடனடியாக...” என்றது. வானை எடுக்க ஓடியவர் எங்கள் பெரிய முரசுக்காரர். ஒரு நூல் வெளியீட்டில் பிரதம விருந்தினர் வேகமாக நடந்து மேடைக்குப் போய்விட்டார். தலைவர் உடனே கையைக் காட்டி அவளை நிறுத்தினார். ஏன் என்று கேட்டேன்.

“ஆள் வந்து சேர்ந்திட்டுது. இனி என்னத்துக்கு ஊதுறது?”

அவர் சொன்னதில் தருக்கம் இருந்தது. அதுதான் எரிச்சல்.

அன்று காருக்குள் மனைவி சொன்னாள். “என்னப்பா, அதை ஒருக்கா, ஒரேயொருக்கா, கேக்கத் தெரிஞ்ச ஆக்களுக்கு முன்னாலை கடைசி வரைக்கும் ஊதவேணும். அவ்வளவுதான். அதுக்குப் பிறகு உங்கட பாண்ட் எக்கேடு கெட்டாலும் எனக்குக் காரியமில்லை.”

“போட்டியிலை நடுவர்மார் இருப்பினம். ஒலிபெருக்கிக்காரன் கூட நீர் ஊதேக்கை வாய் திறக்க மாட்டான். கவலைப்படாதையும்.”

“உங்கட தலைவர் இருப்பார் தானே,” என்றாள்.

போட்டிக்கு முன்னைய கூட்டத்துக்குப் பயிற்றுநர் வந்திருந்தார். நான் மொழிபெயர்ப்பாளன். தெபனர் என்கிற மூலைக்கடையில் பால் வாங்கி, மிச்சச் சில்லறை குறைந்தால் சண்டை பிடிக்கப் போதுமான பிரெஞ்சு என்னிடம் உண்டு. அவர் போட்டி விதிகளைச் சொன்னார். வாசிப்பு நடக்கும்போது வாசிப்பவர்களையும் நடுவர்களையும் தவிர வேறு எவரும் மைதானத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்பதை இரண்டு தரம் சொன்னார். நானும் இரண்டு தரம் சொன்னேன். தலைவர் தலையை ஆட்டினார்.

“அது சரி. பிரதம விருந்தினர் ஆரெண்டு கேளும்.”

கேட்டேன். அப்படி ஒருவரும் இல்லை என்றார் பயிற்றுநர்.

“இல்லாமல் எப்பிடி? அப்ப பாண்ட் ஆரைக் கூட்டிக்கொண்டு போறது?”

“ஒருத்தரையும் இல்லை அண்ணை. மைதானத்துக்குள்ளை சுத்தி வாறதுதான்.”

“விசரே? சும்மா சுத்துறதோ? அப்ப ஆர் பாக்கிறது?”

“நடுவர்மார்.”

தலைவருடைய முகம் மலர்ந்தது. “அதைச் சொல்லும் முதல்லை!”

அந்த மலர்ச்சியின் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை. அது விளங்கியிருந்தால் நான் இணைப்பாளராக இருந்திருக்க மாட்டேன், வேறு நல்ல வேலை ஏதாவது பார்த்திருப்பேன்.

போட்டி நகரத்துக்கு வெளியே ஒரு கல்லூரி மைதானத்தில். பஸ்ஸின் முன் இருக்கைகளில் குழு. பின் இருக்கைகளில் முரசுகள். வாசிப்பவர்களில் பாதிப் பேர் எங்கள் கார்களில் பின்னால் வந்தோம். மற்ற அணிகள் புல்லில் வட்டமாக நின்று மூச்சுப் பழகிக்கொண்டிருந்தன. எங்கள் குழு, கோடை வெயிலில் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு, கையில் பெரிய துணிப்பை ஒன்றுடன், மைதானக் கோட்டின் ஓரமாக வரிசையாக நின்றது. பையில் என்ன என்று கேட்டேன். “அது எங்கட அலுவல், நீர் உம்மட தட்டைப் பாரும்,” என்றார் தலைவர்.

எங்கள் முறை வந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், முதல் பகுதி நன்றாகவே போனது. கால்கள் ஒன்றாக விழுந்தன. என் வயிறுகூட ஒத்துழைத்தது. முரசுகள் ஓய்ந்தன, எல்லோரும் குந்தினார்கள். சிம்பல்காரன் மட்டும் தட்டுகளை உயர்த்தியபடி நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. மனைவி நடுவுக்கு நடந்து போனாள்.

இந்தப் போட்டிகளில் நடுவர்களில் ஒருவர் மைதானத்துக்குள்ளேயே நடப்பார். கையில் சின்ன ஒலிப்பதிவுக் கருவி. வாசிப்பவருக்குப் பக்கத்தில் போய்க் காது கொடுத்து, தன் கருத்தை அதற்குள் முணுமுணுப்பார். அவள் ஊதத் தொடங்கியதும் அவர் கிட்ட வந்தார். கருவியை வாயிலிருந்து இறக்கினார். முணுமுணுப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார். படிக்கட்டுகளில் இருந்த சனமும் அசையவில்லை. எந்தக் கலியாண மண்டபத்திலும் நான் கேட்காத அமைதி அது. ரோல்ஸ் கடிக்கும் சத்தம்கூட இல்லை.

அப்போது கோட்டைத் தாண்டித் தலைவர் உள்ளே வந்தார்.

முன்னால் அவர், இரு கைகளிலும் விரித்த பொன்னாடை. பின்னால் ஓர் உப தலைவர், தாம்பாளம், அதில் இன்னொரு பொன்னாடை. அதற்குப் பின்னால் செயலாளர், படம் எடுக்கத் தொலைபேசியைத் தூக்கியபடி. பிரதம விருந்தினரை வரவேற்கும் அந்த மெதுவான, புன்னகைத்த நடை. நடுவர் தன் பின்னால் வருவது எதுவும் அறியாமல் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். தோளில் சரிகை விழுந்ததும் துள்ளிவிட்டார். தலைவர் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். படம் எடுத்து முடியும்வரை விடவில்லை.

“இஞ்சாலை பாக்கச் சொல்லுங்கோ அண்ணை,” என்றார் செயலாளர். நடுவர் பாவம், “மெர்சி,” என்று நன்றி சொன்னார்.

மனைவி நிறுத்தவில்லை. ஏறிக்கொண்டே இருந்தாள். தலைவர் தாம்பாளத்திலிருந்து இரண்டாவது பொன்னாடையை எடுத்துக்கொண்டு அவளை நோக்கித் திரும்பினார். அவள் ஊதியபடியே ஓர் அடி பின்னால் வைத்தாள். அவர் முன்னால் வந்தார். அவள் பக்கவாட்டில் ஒதுங்கினாள். அவரும் ஒதுங்கினார். இப்படி இருவரும் மைதான நடுவில் ஒரு சுற்றுச் சுற்றினார்கள். படிக்கட்டில் எவரோ சிரிக்க, அது பரவியது. குந்தியிருந்த எங்கள் முரசுக்காரர்களின் தோள்களும் குலுங்கின. அவள் கடைசிச் சுரத்துக்கு வந்து அதைப் பிடித்தாள். அதே கணத்தில் தலைவர் எட்டிப் போர்த்தினார். தோளுக்குப் போர்த்தியது பியூகிளின் வாயில் விழுந்தது. சுரம் துணிக்குள் போய், கம்மிச் செத்தது.

நான் தட்டுகளை உயர்த்தியபடி நின்றேன். அந்தச் சுரம் முடியவில்லை, முடியாததற்குப் பிறகு எப்படி அடிப்பது? அணி என்னைப் பார்த்தது. சனம் என்னைப் பார்த்தது. அவள் பொன்னாடைக்குள் நின்றபடி என்னைப் பார்த்தாள். கடைசியில் தலைவரும் பார்த்தார்.

“என்ன தம்பி, சும்மா விடுப்புப் பாத்துக்கொண்டு நிக்கிறீர்? அடியும்!”

அடித்தேன். அவள் முடித்ததற்கு அல்ல, அவர் சொன்னதற்கு. இதைவிட நல்ல இணைப்பாளர் எந்த அணிக்குக் கிடைப்பான்?

மதிப்பெண் வெட்டுக்குப் பிறகு நாங்கள் கடைசி. பஸ்ஸுக்கு முன்னால் குழு படத்துக்கு வரிசை பிடித்துக்கொண்டிருந்தபோது, அந்த நடுவர் தரிப்பிடத்துக்கு எங்களைத் தேடி வந்தார். பொன்னாடையை நன்றாக மடித்துக் கையில் வைத்திருந்தார். நடுவர்கள் பரிசு வாங்கக் கூடாதாம். அதை என்னிடம் தந்துவிட்டு மனைவியிடம் திரும்பி, தனக்கு முழுவதும் கேட்கக் கிடைக்கவில்லை, முடிவு எப்படி என்று கேட்டார்.

அவள் குழுவின் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். தலைவர் உயரமானவர்களைப் பின் வரிசைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். நல்ல தூரம்.

பெட்டியைத் திறந்து பியூகிளை எடுத்து, நடுவிலிருந்து இல்லை, தொடக்கத்திலிருந்து ஊதினாள். பக்கத்து அணிகளின் ஆட்கள் முரசு ஏற்றுவதை நிறுத்தினார்கள். அவள் ஏறினாள், பிடித்தாள், அந்தச் சுரம் நீண்டு, மெலிந்து, தானாகவே முடிந்தது. என் தட்டுகள் பஸ்ஸின் அடியில் இருந்தன. அடிப்பதற்கு எதுவும் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

நடுவர் தலையை அசைத்தார். “மெர்சி, மதாம்.” அவ்வளவுதான். மதிப்பெண் எதுவும் இல்லை.

அவள் வாய்ப்பகுதியைத் துடைத்துப் பெட்டியை மூடினாள். “எனக்குக் காணும்,” என்றாள்.

அடுத்த ஞாயிறு அவள் பயிற்சிக்கு வரவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. அவள் இல்லாமல் நடுவில் அரை நிமிடம் எல்லோரும் சும்மா குந்தியிருந்து எழும்பினார்கள். முழங்கால் நோவு உள்ளவர்கள் முதலில் வராமல் நின்றார்கள். முதல் பனி விழுவதற்குள் தரிப்பிடத்தில் நானும் பெரிய முரசுக்காரரும் பயிற்றுநரும்தான். பயிற்றுநர் எங்கள் தொப்பி ஒன்றைக் கேட்டு வாங்கித் தன் பின்பெட்டியில் வைத்தார். காரணம் கேட்பவர்களுக்கு அதைத் தூக்கி என்ன சொல்வாரோ தெரியாது. ஒருவேளை தூக்காமலே விடுவார்.

குழு அவசரக் கூட்டம் கூடிக் காரணங்களைக் கண்டுபிடித்தது. கடும் குளிர். பிள்ளைகள் பிரெஞ்சிலேயே கதைப்பது. இளையோருக்கு ஆர்வமின்மை, இந்தப் பாண்டில் மிக இளையவருக்கே நாற்பது வயது என்பதை எவரும் சொல்லவில்லை. வெள்ளைக்கார நடுவர்களின் பாரபட்சம். அதை முன்மொழிந்தவர் பொன்னாடை போர்த்தியவர்தான். நான் அதற்கு வழிமொழிந்தேன். ரோல்ஸ் சூடாக இருந்தது.

இந்த வாரம் தலைவர் தொலைபேசினார். மலர் வெளியீட்டுக்குப் பிரதம விருந்தினரை வாசலிலிருந்து கூட்டிக்கொண்டு வர ஒருவரும் இல்லையாம். “தங்கச்சியை ஒருக்கா வந்து ஊதச் சொல்லும் தம்பி.”

மனைவியிடம் சொன்னேன். கறி கிளறிக்கொண்டிருந்தவள் திரும்பவும் இல்லை.

“நான் ஊதவேண்டியதை ஊதி முடிச்சிட்டன். அந்தாளுக்குக் கால் இருக்குத் தானே, நடந்து போகட்டும்.”

ஆகவே நான் போகிறேன், சிம்பலோடு. வாசலில் ஒரு அடி, மேடையில் ஒரு அடி. நடுவில் விருந்தினர் நடப்பார்.

அவளுக்குப் போர்த்திய பொன்னாடை வீட்டில்தான் இருக்கிறது. இரவில் அதைக் காரின் முன் கண்ணாடியில் விரித்து, நுனிகளைக் கதவுக்குள் வைத்துப் பூட்டிவிடுவாள். நல்ல தடிப்பான துணி, காலையில் பனி சுரண்டும் வேலை இல்லை. சரிகையைப் பார்த்துக் கீழ்வீட்டுக் கிரேக்கத்து மனுசிகூட எங்கே வாங்கியது என்று கேட்டார். நடுவர் திருப்பித் தந்தது குழுவிடம் பத்திரமாக இருக்கிறது. மலர் வெளியீட்டில் இணைப்பாளரின் நீண்டகாலச் சேவையைப் பாராட்டி அதை என் தோளில் போர்த்தப் போகிறார்களாம். மறுக்கலாம் என்று நினைத்து மனைவியிடம் யோசனை கேட்டேன்.

“வாங்கிக்கொண்டு வாங்கோ,” என்றாள். “பின் கண்ணாடிக்கு ஒண்டும் இல்லை.”